நடுவில் கிடந்த மூன்று பைட்

மச்சான், இன்றைக்கு ஒரு கம்பி விட்டுப்போய், சோல்டரிங் அயனைச் சூடாக்கினேன். ஈயம் உருகும் வாடை வந்ததும் கை தானாக ஜன்னலைத் திறந்தது. இருமிக்கொண்டே என்னைத் திட்டுவதற்கு நீதான் இல்லை. ஹட்டனில் பேக்கரிக்கு மேலே இருக்கும் இந்த அறைக்கு இப்போது நான் ஒருவன் மட்டுமே வருகிறேன்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில் நாம் முளை அடித்து வைத்த பெட்டி நினைவிருக்கிறதா? மண் சரியத் தொடங்கி முளை சாய்ந்தால் சைரன் ஊத வேண்டும். அதுவோ மண் அசையாமலே ஊதியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் மழையில் ஓடி நின்றது. பிறகு ஓடுவதையே விட்டுவிட்டார்கள். லயத்தின் கடைசி காம்பரா வீட்டில் இருக்கும் அக்கா, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து சைரன் வாயை இறுக்கிக் கட்டிவிட்டார்.

"ஒங்க பொட்டி பொய் சொல்லுது தம்பி. மெய்யாவே மலை வந்தாலும் இனி நாங்க நம்ப மாட்டோம்" என்றார். அன்றைக்கு நீ சோறு சாப்பிடவில்லை.

நான் வயரைச் சந்தேகப்பட்டேன், ஈரத்தைச் சந்தேகப்பட்டேன், பெட்டிக்குள் அட்டைப்பூச்சி புகுந்திருக்கும் என்றுகூடச் சொன்னேன். நீ பழைய அளவையும் புதிய அளவையும் திரையில் போட்டாய். முளை எண் அதே. சாய்வும் அதே. ஆனாலும் இரண்டும் வேறு என்று, நம் கோடில் அவற்றை ஒப்பிடும் மெம்கம்ப் கட்டளை சாதித்தது; வேறு என்றால் சைரன் ஊதும். கடைசியில் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தாய். முளை எண்ணுக்கு ஒரு பைட், சாய்வுக்கு நான்கு. சாய்வு நான்கின் மடங்கான இடத்தில் தொடங்குவதற்காக இரண்டுக்கும் நடுவில் கம்பைலர் மூன்று பைட் விட்டுவைத்திருந்தது. அங்கே நாம் எதையும் எழுதவில்லை. மெம்கம்ப் அதையும் சேர்த்தே ஒப்பிட்டது.

"நாம எழுதலன்னா அது காலின்னு நெனச்சுட்டோம் மச்சான். பழசெல்லாம் அங்கதான் குந்திக்கிட்டு இருக்கு" என்றாய்.

முதலிலேயே எல்லாவற்றையும் பூச்சியமாக்கிவிட்டால் போதாதா என்று கேட்டேன். புதிய அளவைப் பழையதன் இடத்துக்கு ஒரு தரம் பிரதி எடுத்தால் அந்த இடைவெளியில் என்ன வந்து விழும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்றாய். எண்ணை எண்ணோடு, சாய்வைச் சாய்வோடு தனித்தனியாக ஒப்பிடும்படி மாற்றினாய். சும்மா ஊதுவது நின்றது.

கோட் சரியாகிவிட்டது, சனத்தின் மனசு சரியாகவில்லை. நீ காம்பரா காம்பராவாகப் போய், அவர்கள் ஊற்றிய பால் இல்லாத சாயத்தண்ணியை எல்லாம் குடித்து, இனி ஊதினால் அது மெய் என்று சொல்லிவிட்டு வந்தாய். அந்த அக்கா சைரனில் கட்டிய படங்கை அவிழ்த்து உன் கையில் கொடுத்தார். நீ அதை இந்த அறையில் உன் கதிரையின் முதுகில் போட்டாய். சித்திரை பிறக்கும் முன்னே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன கிழமை, அடைமழையில், பட்டப்பகலில் சைரன் ஊதியது. லயமே எழுந்து ஓடியிருக்கிறது. மண் கடைசி காம்பராவின் சுவரைச் சாய்த்துவிட்டு நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. நான் போனபோது அந்த அக்கா நனைந்துகொண்டு ரோட்டில் நின்றார். "அந்தத் தம்பி சொன்னுச்சேன்னுதான் ஓடுனோம்" என்றார்.

அறைக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். படங்கு இன்னும் உன் கதிரையில்தான் கிடக்கிறது. அதைப் பார்த்து, "எல்லாரும் ஓடிட்டாங்க மச்சான்" என்று உரக்கவே சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல?