இறால் பொரியல் கேட்டவர்கள்

மார்ச் 2, ஞாயிறு

வாசிகசாலையில் எடுத்த நாவலைப் பற்றிய பதிவை இன்று ஏற்றினேன். ஞாயிறு தவறுவதில்லை; கருத்து எழுதும் எல்லோருக்கும் பதிலும் போடுகிறேன். அதனால்தான் என் வலைப்பூவுக்கு நிலையாக அறுபது பேர் வருகிறார்கள். நோர்வே குணலட்சுமி அன்ரி ஒரு பதிவையும் விட்டதில்லை. "பிள்ளை, நீ எழுதிறதை வாசிச்சால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை."

ஏற்றுமுன் வழக்கம்போல என் வகுப்புத் தோழி தக்சாயினிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவேன்.

வலைப்பூவை அமைத்துத் தந்து கடவுச்சொல்லையும் வைத்திருக்கும் என் அண்ணை பிரவீணனுக்கு அறுபது போதாதாம். "புத்தகத்தை ஆரடி வாசிக்கினம்? சாப்பாடு போடு, சனம் விழுந்தடிச்சு வரும்."

மார்ச் 5, புதன்

தக்சாயினியின் அப்பா காலமாகிவிட்டார். மாரடைப்பு. அவள் என் கையை விடவேயில்லை.

மார்ச் 12, புதன்

எட்டுச்செலவு, எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, மாலை போட்ட அவருடைய படத்துக்கு முன்னால் படைத்தார்கள் — இறால் பொரியல், கணவாய்க் கறி, பருத்தித்துறை வடை. தக்சாயினியின் அம்மா அழுதழுது இறால் உரித்தா. அந்தக் கையாலேயே முகத்தையும் துடைத்தா.

அண்ணை வாழையிலைக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகை மறைக்கிறதென்று சாம்பிராணித் தட்டைத் தள்ளியும் வைத்தார். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பத்தான் என்று நினைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

சீ!

என் வலைப்பூவில், என் பெயரில், அந்தப் படையல். மேலே தலைப்பு: "நாவூறும் யாழ்ப்பாண விருந்து!" தக்சாயினியின் அப்பாவின் முகத்தை அண்ணை வெட்டியிருக்கிறான். மாலையின் நுனி மட்டும் ஓரத்தில் தொங்குகிறது. நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"நல்லாய்த்தானே ஓடுது? ஆருக்குத் தெரியப்போகுது?" என்கிறான்.

கருத்துகளில் குணலட்சுமி அன்ரியும்: "பிள்ளை, இறால் பொரியல் எப்பிடிச் செய்தனீங்கள்? செய்முறை போடம்மா."

அவவுக்குத் தெரியாது, சரி. ஆனால் அந்த மாலை கண்ணிலை படேல்லையா? இவ்வளவு நாளும் என்னத்தை வாசிச்சவ? நான் ஆருக்கு எழுதினனான்?

அண்ணை இன்னும் ஒருபடி மேலே — நான் போய்ச் செய்முறையைத் தக்சாயினியின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரவேணுமாம்!

மார்ச் 14, வெள்ளி

தக்சாயினி வகுப்பில் இடம் மாறி இருந்தாள். இடைவேளையில் போய், "நானில்லை, அண்ணைதான்" என்றேன்.

"உன்ரை பேர்தானே போட்டிருக்கு?" என்றாள். பிறகு, "அம்மா அண்டைக்கு ஒரு வாய் சாப்பிடேல்லை. நாலாயிரம் பேர் சாப்பிட்டிட்டினம்."

வீட்டுக்கு வந்ததும் படத்தை அழித்தேன். பின்னேரமே அண்ணை திரும்ப ஏற்றிவிட்டான்.

மார்ச் 15, சனி

படத்தை மட்டும் அழித்தால் மறுபடி ஏற்றுவான். முழு வலைப்பூவையும் அழித்துவிட்டேன். இரண்டு வருடப் பதிவுகள், அறுபது பேர், எல்லாம்.

"விசரி! இனி உனக்கு ஒண்டும் செய்து தரமாட்டன்" என்று கத்தினான். வேண்டாம்.

மார்ச் 23, ஞாயிறு

தக்சாயினி கதைக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு நாவலை முடித்தேன். பழக்கத்தில் நாலு பக்கம் எழுதியும் விட்டேன். ஏற்ற இடமில்லை. தக்சாயினி வீட்டுப் படலைவரை கொண்டுபோனேன். அவள் உள்ளே நின்றபடி தாள்களைப் பார்த்தாள். படலையைத் திறக்கவில்லை.

"வாசி" என்றாள்.

வெயிலில் நின்று முழுவதையும் வாசித்தேன்.

"கடைசிப் பந்தி வேண்டாம். சும்மா அழவைக்கப் பாக்கிறாய்."

வெட்டிவிட்டேன்.