நாளைக்கு ரெடி

கே.கே. நகர்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நஸ்ருவுக்கு,

ஸலாம். "போனில் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், வேண்டுமானால் எழுதுங்கள்" என்றாய். எழுதுகிறேன். வாடகை அறையில் நலம். மெஸ் சாப்பாட்டில்தான் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

ஞாயிறுதோறும் தேனாம்பேட்டையில் வகுப்பு எடுக்கிறேன். 'வெற்றியாளர்களின் ஏழு குணங்கள்'. தன்னம்பிக்கை, துணிச்சல், இனிய பேச்சு என்று ஆறு சேர்ந்துவிட்டன. ஏழாவது அகப்படவில்லை. ஒற்றைத் தையல் மிஷினில் தொடங்கி, யார் கையையும் எதிர்பார்க்காமல் தி. நகரில் சொந்தக் கடை வாங்கியவள் நீ. உன் குணம் எது? அப்படியே, நான் எப்போது வீட்டுக்கு வரலாம் என்றும் ஒரு வரி எழுது.

உன்,
இனாயத்

---

தி. நகர்
9 ஆகஸ்ட் 2024

சிம்ரா அத்தாவுக்கு,

ஸலாம். நானும் பிள்ளை சிம்ராவும் நலம்.

குணமெல்லாம் எனக்குத் தெரியாது. முடிக்கக்கூடிய தேதியைத்தான் சொல்வேன். பதினைந்து நாள் என்றால் முகம் சுளித்துப் போகிறவர்கள் உண்டு. வேறு கடைக்கு நாலு நடை நடந்துவிட்டு அவர்களே திரும்பி வருவார்கள்.

உங்களைக் கவுண்டரில் உட்கார வைத்தேன். யார் முகமும் வாடக் கூடாதென்று எல்லோரிடமும் "நாளைக்கு ரெடிம்மா" என்றீர்கள். நீரஜாவின் கல்யாண ரவிக்கைக்கும் அதே பேச்சு. ஆரிப் பூவேலை ஒரு கைக்குத்தான் முடிந்திருந்தது. அந்தப் பெண் அக்காவின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். அவள் அம்மா வந்து சத்தம் போட்டபோது, தைக்கிறவள் இழுத்தடித்தாள் என்று என் மேல் பழியைப் போட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நம் கடை அந்த வாயால்தான் முழுகப் பார்த்தது.

எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி சொல்ல முடியாத வேலையை நான் எடுப்பதில்லை.

நஸ்ருன்னிசா

---

கே.கே. நகர்
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நஸ்ருவுக்கு,

ஸலாம். போன ஞாயிறு வகுப்பில் கங்கம்மா என்று ஒருவர், மீன் விற்கிறவர், எழுந்து நின்றார். "நைனா, நீ சொல்றது நல்லாத்தான் கீது. இதுல இன்னாத்த வச்சி நீ ஜெயிச்ச?"

நான் சொன்னேன்: "ஜெயிச்சது என் வீட்டுக்காரிம்மா. நான் அவ பேரைக் கெடுத்தவன்."

வகுப்பை நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை தேதி கேட்கவில்லை.

இனாயத்

---

தி. நகர்
10 செப்டம்பர் 2024

சிம்ரா அத்தாவுக்கு,

ஸலாம். நேற்று நீரஜா தன் தங்கைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள். "அங்கிள் ராஜா அண்ணாமலைபுரத்துல எங்க ஆத்துக்கு வந்திருந்தார் ஆன்ட்டி. வாசல்லயே நின்னுண்டு, தப்பு என் மேல, அவ மேல இல்லேன்னார். அம்மா உள்ள கூப்பிட்டும் வரலை" என்றாள்.

இதை நீங்கள் எழுதவே இல்லையே. ஓயாத வாய், இதை எப்படி அடக்கி வைத்தது? அவள் போனதும் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன்.

நாளைக்கே வாருங்கள் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் ஆவணி முகூர்த்த வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உங்களோடு சண்டை போடவாவது எனக்கு ஒரு முழு நாள் வேண்டும். கவுண்டரில் நான்தான் உட்காருவேன். கொக்கி தைக்க ஆள் இல்லை, அது உங்களுக்கு.

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்,
நஸ்ரு