குடும்பம் இங்கதான்

ஆகஸ்ட் 8

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். இங்கே ஃபோன் சிக்னல் இன்னும் கண்ணாமூச்சிதான், அதனால் கடிதம். நேற்று இன்னொரு முதலாளியை ஜீப்பில் கூட்டிப்போய் நிலம் காட்டினேன். சாலையோரம் தக்காளி கூடை கூடையாக அழுகிக் கிடந்தது. "இங்க ஒரு குளிர்பதனக் கிடங்கு போட்டா இது அத்தனையும் தங்கம் சார்" என்றேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இந்த வட்டாரத்துக்கு முதலீடு கொண்டுவா என்று ஆபீஸில் என்னை அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது. வந்து பார்க்காதவர் இல்லை, பணம் போட்டவர்தான் இல்லை.

பகலெல்லாம் பேசிவிட்டு அறைக்கு வந்தால், ஸ்டவ்விடம்தான் பேச வேண்டும்.

உன் அலைச்சல்காரன்

செப்டம்பர் 2

என்னவருக்கு,

தக்காளியின் சுகம் அறிந்தேன். பின்கட்டில் நான்கு தையல் மெஷினும் ஓடுகின்றன. பள்ளிச் சீருடை ஆர்டர், தலைக்கு மேல் வேலை. துணி வெட்டுகிற பெண், "அண்ணன் எப்பக்கா வருவாரு?" என்றாள். "கிடங்கு வந்தா வருவாரு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வாசல் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. நானே அடித்தேன். கோணலாக நிற்கிறது.

உங்கள் வாயாடி

டிசம்பர் 1

அன்புள்ள வாயாடிக்கு,

கிடங்கு முதலாளி ஒருவர் கனிந்துவிட்டார். இருபதாம் தேதி முதலீட்டாளர் கூட்டம். நான்தான் பேசுகிறேன். அது முடிந்ததும் லீவு போட்டு வருகிறேன், சத்தியம்.

உன் அலைச்சல்காரன்

டிசம்பர் 22

என்னவருக்கு,

இருபதாம் தேதி நான் அங்கே வந்திருந்தேன். திடீரென்று வந்து நிற்கலாம் என்றுதான் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். மண்டபத்தில் கடைசி வரிசை. நன்றாகப் பேசினீர்கள். கிடங்கு முதலாளி எழுந்து, "குடும்பத்தோட இங்க இருக்க முடியுமா? உங்க குடும்பம் எங்க சார்?" என்று கேட்டார். நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இங்கதான் சார், என்கூடத்தான். என்னைவிட அவங்களுக்குத்தான் இந்த இடம் ரொம்பப் புடிச்சிருக்கு" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். கிடங்குக்கு ஒன்று சொன்னால் குறைந்துவிடாது. ஆனால் முன்பின் தெரியாதவரையெல்லாம் வா வா என்று கூப்பிடுகிறீர்கள். மூன்று வருஷத்தில் "நீயும் வாயேன்" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்டிருந்தால் மெஷின்களை அன்றைக்கே லாரியில் ஏற்றியிருப்பேன்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

தையற்காரி

ஜனவரி 10

வாயாடிக்கு,

உன் கடிதத்தை ஜீப்பில் வைத்துப் படித்தேன். ஓட்டுநர், "யாராச்சும் தவறிட்டாங்களா சார்?" என்றார்.

நேற்று கையெழுத்துப் போட வந்த முதலாளி, "வீட்டம்மாவைப் பாத்துட்டுப் போவோமே" என்றார். உண்மையைச் சொல்லிவிட்டேன். "நீங்களே குடும்பத்தைக் கூட்டிட்டு வரலையே சார்" என்று பேனாவை மூடிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

நீ முடியாது என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்திலேயே கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். வருகிறாயா?

அலைச்சல்காரன்

பிப்ரவரி 3

என்னவருக்கு,

அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கிருந்து திரும்பிய மறுநாளே மாடியையும் வாடகைக்குப் பிடித்து, இன்னும் ஆறு மெஷின் போட்டுவிட்டேன். எட்டுப் பெண்கள் என்னை நம்பி வருகிறார்கள். விட்டுவிட்டு வர முடியாது. வரவும் மனசு இல்லை. கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மேடையில் பார்த்தபோது ரொம்ப இளைத்துத் தெரிந்தீர்கள். பழைய அளவு இனிச் சரிப்படாது. யாரையாவது விட்டுத் தோளையும் மார்பையும் அளந்து எழுதுங்கள். இரண்டு சட்டை தைத்து அனுப்புகிறேன்.

தையற்காரி