பையோடு நட்ட கன்று

அன்புச் சிட்டுவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "பையைக் கிழிச்சிட்டு நடுங்க சார்." அதை எழுதிவிட்டால்தான் மற்றதற்கு வர முடியும் போலிருக்கிறது. இங்கே இருவரும் சுகம், அப்பாவின் கடைவாய்ப்பல்லைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? போனில் உன் தொண்டை கட்டியிருந்த மாதிரி இருந்தது, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மழுப்பாதே, வெந்நீர் குடி.

நீ ஏழு வயதில் நம் பூங்காவில் குச்சியாக ஊன்றிய பூவரசை, நீ விமானம் ஏறிய வாரமே வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. வெட்டச் சொன்னவர் எதிர்வரிசைப் பல் டாக்டர், பூங்காச் சங்கத் தலைவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. உள்ளே பூச்சி அரித்துவிட்டது, பிள்ளைகள் மேல் விழும் என்றார். வெட்டிப் போட்ட துண்டங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு துளை இல்லை. மரம் போனதும் அவருடைய கிளினிக் பலகைதான் தெருமுனைவரை பளிச்சென்று தெரிந்தது. போய்க் கேட்டேன். சங்கத்தார் எல்லோர் முன்னாலும், "பொண்ணு ஊருக்குப் போன ஏக்கம்மா உங்களுக்கு, அதை மரத்து மேல காட்டுறீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பினேன். வரும்போது, கீழே கிடந்ததில் விரல் பருமனுள்ள கிளை ஒன்றை ஒடித்து வந்து பால்கனித் தொட்டியில் ஊன்றினேன். நான் படித்த கதைகளில் பழிவாங்குகிறவர்கள் கத்தி தீட்டுவார்கள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

மழை தொடங்கியதும் அதே மனிதர் மரம் நடும் விழா வைத்தார், சிட்டு. தெருவே மண்வெட்டியும் கையுமாக வந்திருந்தது. உன் பூவரசு நின்ற இடத்திலேயே அவருக்குக் குழி, பக்கத்தில் அவர் பெயர் பொறித்த கல். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கன்றை, வேரைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பையோடு குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினார். எல்லோர் கண்ணும் கேமராவில். வாளியோடு பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதன்பிறகு தினமும் காலையில் அவரே வாளியோடு வருவார். கல்லில் யார் பெயரோ அவர்தான் ஊற்ற வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். இலை மஞ்சளானது, உரம் போட்டார். இலை உதிர்ந்தது, தெருநாய்களைத் திட்டினார். கன்று என்ன பாவம் செய்தது என்று கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன், கேட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

போன மாதம் சங்கக் கூட்டத்தன்று பொறுக்க முடியாமல் அதைப் பிடித்து இழுத்தார். பை கிழியாமல் முழுசாகக் கையோடு வந்தது. நம் மாடி வீட்டு பஸ் டிரைவர் சும்மா இருப்பாரா, "என்ன டாக்டரே, வாயைத் தொறக்காமலே பல்லு புடுங்குவீங்களோ!" என்றார். அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு இனித்தது, சிட்டு, எழுதக் கூச்சமாக இருந்தாலும் இனித்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தேன், "எங்க வீட்ல ஒரு கன்னு இருக்கு சார், குழி சும்மா கெடக்க வேணாமே" என்றேன். "பெருசா வளருமாம்மா?" என்று கேட்டார். "அடக்கமா இருக்கும் சார்" என்றேன். கைகூப்பி நன்றி சொன்னார், நம் பால்கனிக் கன்றை அவர் கையாலேயே அந்தக் குழியில் நட்டார். செத்த கன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, பையைக் கிழித்துத் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். பிழைக்கவில்லை. அது என் கணக்கில்தான்.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் உளறிவிடாதே. அவருடைய கடைவாய்ப்பல் பாதி வேலையில் அந்த மனிதர் கையில் இருக்கிறது, முடியட்டும். நேரத்துக்குத் தூங்கு. போன இடத்தில் உன் கால் நன்றாக ஊன்றி, உடம்பும் மனசும் குறையில்லாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும்.

இன்று காலையும் டாக்டர்தான் வந்து உன் பூவரசுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். கிளினிக் பலகைக்கு நேர் எதிரே புதிதாக இரண்டு இலை விட்டிருக்கிறது.

உன் அம்மா