நீல விளக்கில் ஒரு முயல்

அன்புள்ள அம்மாவுக்கு,

பெர்த்திலிருந்து லூசியானே வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றி, நீல விளக்கில் பச்சையாக ஒளிரும்படி ஒரு முயலைப் பிறக்க வைத்திருக்கிறார்கள். அதற்குத் தீனி வைத்தது நான்தான். போன வாரம் அதைக் கலைக்கண்காட்சியில் வைத்தார்கள். கூட்டம் கைதட்டியது, முயல் வெடவெடவென்று நடுங்கியது. நான் விளக்கை அணைத்துவிட்டேன்.

"யாரும்மா நீ? ஜனங்கள யோசிக்க வைக்கத்தானே இந்தக் கலை!" என்று கத்தினார், இப்படியொரு முயல் வேண்டுமென்று எங்கள் கூடத்தில் சொல்லிச் செய்வித்த கலைஞர் கிரெய்டன்.

"நோய்க்கு மருந்து தேடுறீங்கன்னா பொறுத்துக்குவேன். யோசிக்கிறது நீங்க, நடுங்குறது அதுவா?" என்றேன்.

முயல் கூண்டுக்குத் திரும்பிவிட்டது. என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள், கவலைப்படாதீர்கள். இப்போது கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறேன். அவை அந்த முயலைப் போல என் கையை முகர்ந்து பார்ப்பதில்லை. அந்த முயலை அழகு என்பவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நம் வவாவு தீவின் தேவாலயத்தில் நீங்கள் பாடுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். நான் ஏற வேண்டிய பேருந்து வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
லூசியானே