கிரகணத்தால் வந்த புள்ளி இல்லை

காமாட்சி துணை

திருப்பூரில் இருக்கும் மருமகள் துர்காதேவிக்கு, காஞ்சிபுரத்திலிருந்து உன் அத்தை வடிவு எழுதுவது. போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய். நியாயம்தான். இதையாவது கிழிக்காமல் படி.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், உன் மாமனார் கைலாசம், உன் புருஷன் லோகேஸ்வரன், பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள், ஜீவிதாவை ஐந்து மாதமாகச் சுமந்திருந்த நீ. பொங்கலுக்கு மறுநாள், அமாவாசை, சூரிய கிரகணம். தறி ஓடவில்லை.

மாடியில் குரங்குச் சத்தம் கேட்டது. உன் மாமனாருக்கு முட்டிவலி. உன் புருஷன் குரங்கென்றால் போர்வைக்குள் போகிறவன். "சாயம் போட்ட பட்டு நூல இழுத்துக்கினு போவுது, ஓடும்மா" என்று உன்னைக் கிளப்பியது நான். "கிரகணமாச்சே அத்தை" என்றாய். "ஒரு நிமிசத்துல இன்னா ஆயிடும்" என்றேன்.

பிள்ளையின் முதுகிலும் தொடையிலும் காபி நிறப் புள்ளிகளைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். "போவாதேன்னு சொன்னேன், கேக்கல" என்று ஊரெல்லாம் சொன்னேன். "நீதானே வடிவு அனுப்புனே" என்று நாலு பேர் முன்னால் கேட்ட செல்லியம்மாளோடு பதினோரு வருஷம் பேசவில்லை. ஆறு வருஷம் பொறுத்துவிட்டு, நீயும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

போன மாதம் முதுகில் ஒரு கட்டி வலித்தது. டாக்டரம்மா ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்துவிட்டு, புள்ளிகளை எண்ணினார். ஒன்பது. என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? "வூட்ல வேற யாருக்காவது இருக்குதா ஆயா?" என்றார். இல்லை என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்தபின் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன்.

அணுக்கள் வளரும்போது "போதும்" என்று அடக்கும் ஒரு புரதம் உடம்பில் இருக்கிறதாம். நியூரோஃபைப்ரோமின், சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். அதைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாகப் பிறந்தவர்களுக்கு, மற்றதும் எங்கே கெடுகிறதோ அங்கே நரம்பில் கட்டி வளருமாம். பால் பொங்கும்போது அடுப்பைத் தணிக்க ஆளில்லாத மாதிரி என்றார். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்னிடமிருந்து லோகேஸ்வரனுக்கு, அவனிடமிருந்து ஜீவிதாவுக்கு.

அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய எனக்கு அவன் முதுகு தெரியாதா? அவன் முதுகில் இருந்தது அதிர்ஷ்ட மச்சம். உன் பிள்ளை முதுகில் இருந்தது உன் குற்றம். அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிள்ளைக்குக் காதுக்குக் கீழே வீக்கம் இருக்கிறதாம். உன் பாவம் என்று நினைத்து, நீ ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ராகுவுக்கு விளக்குப் போடுகிறாயாம். லோகேஸ்வரன் உன்னைப் பார்த்துவிட்டு வந்து அழுதான். விளக்குப் போட்டது போதும் துர்கா. உடனே டாக்டரிடம் காட்டு. கண்ணையும் பார்க்கச் சொல். எல்லாக் கட்டியும் கெட்டதாகிவிடாதாம், ஆனால் வருஷா வருஷம் பார்க்க வேண்டுமாம். என் ரிப்போர்ட்டின் நகல் இதோடு இருக்கிறது.

நேற்று செல்லியம்மாள் வீட்டுக்குப் போனேன். "வழி தெரிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டு, காபி கொடுத்தாள்.

நீ இங்கே வரவேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். பிள்ளையைக் காட்டினேன் என்று லோகேஸ்வரனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜீவிதா நூறு வயசு இருக்கட்டும். எனக்குப் பகை நிறைய உண்டு, உனக்கே தெரியும். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சாகிறவரை மன்னிக்கப் போவதில்லை என்று ஒருத்தியைத்தான் வைத்திருக்கிறேன். அவள் பெயர் கீழே இருக்கிறது.

வடிவாம்பாள்