இளைச்சுட்டியே, அக்கா

என் ரோஸி அக்காவுக்கு,

நீ போன பிறகு வரும் மூன்றாவது கல்லறைத் திருநாள் இது. முதல் இரண்டு வருடமும் மெழுகுவர்த்தியும் சாமந்தியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அழுதுவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். இந்த வருடம் ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. அதையும் உன்னிடம் மட்டும் படித்துக்காட்டாமல், நம் பங்குக் கோயில் இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் செய்தி. நான் சோற்றை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சிரிக்காதே, நிஜம்தான். இட்லி, தோசை, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, காப்பியில் சர்க்கரை எல்லாம் போச்சு. இதற்குப் பெயர் கீட்டோ. மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட அடியோடு நிறுத்திவிட்டு முட்டை, மீன், தேங்காய், நெய், கீரை என்று சாப்பிட வேண்டும். மாவு கிடைக்காத உடம்பு வேறு வழியில்லாமல் தன் கொழுப்பையே எரித்துக்கொள்ளுமாம். "உனக்கு உடம்பெல்லாம் கொழுப்புடி" என்று அம்மா வேறு அர்த்தத்தில் சொல்லுவாள். அது இப்போதுதான் ஒரு காரியத்துக்கு உதவுகிறது.

இளைக்க வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து என்னவெல்லாம் செய்து பார்க்கவில்லை? தேனும் எலுமிச்சம்பழமும் போட்ட வெந்நீர். கொள்ளு ரசம். இடுப்பில் கட்டினால் கிடுகிடுவென்று ஆடும் பெல்ட். ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப். அதன் நாலாவது நாள் கோட்டூர்புரத்தில் உன் வீட்டு மாடிப்படியே நாறியது. சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடப்போம். நடந்த களைப்புக்கு ஆளுக்கு ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. "நடந்ததுக்கும் பஜ்ஜிக்கும் சரியாப் போச்சுடி பிலோ. ஏறலை இல்ல? அதுவே பெரிசு" என்பாய். இருபது வருடம் இப்படியே ஓடியது, நாம் இரண்டு பேரும் ஒரு சுற்று கூடியதுதான் மிச்சம்.

இந்த ஜனவரியில் முழங்கால் வலிக்காக அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முழங்காலை விட்டுவிட்டு ரத்தத்தைப் பார்த்தார். சர்க்கரை எகிறியிருக்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே போனால் அடுத்து இன்சுலின்தான் என்றார். "சாப்பாட்டை மாத்தறீங்களா, இல்ல மாத்திரையைக் கூட்டவா?" என்று கேட்டார். ஏற்கெனவே காலையில் நாலு மாத்திரை. சாப்பாட்டையே மாற்றுகிறேன் என்றேன். அவரே மாத்திரைகளை மாற்றி எழுதி, சாப்பாட்டுக்கு ஒரு தாளும் கொடுத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து முகத்தைக் காட்ட வேண்டும் என்று கண்டிஷன் போட்டார்.

எப்போது ஆரம்பிப்பது என்ற இடத்தில்தான் என் கோயில் புத்தி வேலை செய்தது. தவக்காலத்துக்கு எப்படியும் எதையாவது விட வேண்டும். நீ காப்பியை விடுவாய், நான் டிவியை விடுவேன். இந்த வருடம் சோற்றை விட்டால் ஒறுத்தலுக்கு ஒறுத்தல், வைத்தியத்துக்கு வைத்தியம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சாம்பல் புதனன்று ஆரம்பித்தேன். காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்துதான் அந்தத் தாளையே முழுதாகப் படித்தேன். கோழி, ஆட்டுக்கறி, ஈரல், மறுபடியும் கோழி. நம் வீட்டில் தவக்காலம் நாற்பது நாளும் சுத்தபோசனம், இறைச்சி வாசற்படி ஏறாது. ஆகச் சோறும் இல்லை, கறியும் இல்லை. இந்தத் தப்பை நம்மைப் போல வேதக்காரர்கள் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

மீனே கதி என்று கிடந்தேன். தினமும் வந்து நின்றால் நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா விடுவாரா?

"இன்னாக்கா, டெய்லி வந்துக்கினு கீற? வூட்ல எதுனா விசேஷமா?"

"டாக்டர் சோறு சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க. மீனும் முட்டையும்தான்."

"சோறே துன்ன மாட்டியா? வெறும் மீனா? பூனை கணக்காவா?" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம், "நல்ல டாக்டருதான். நா கேட்டேன்னு சொல்லு" என்று இரண்டு சங்கராவைச் சேர்த்துப் போட்டார்.

பெரிய வெள்ளியன்று மாட்டிக்கொண்டேன். கோயில் வளாகத்தில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். ஊருக்கெல்லாம் அந்தக் கஞ்சியைக் குடிப்பது தவம், எனக்கு அதைக் குடிக்காமல் இருப்பது தவம். "வேணாம்மா, டயட்" என்றேன். "பெரிய வெள்ளிக்குமா டயட்?" என்று ஊற்றின பெண் கேட்டுவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தேன், அக்கா. பூண்டும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி அத்தனை ருசி என்று ஐம்பத்து மூன்று வயதில்தான் கண்டுபிடித்தேன். மறுநாள் எடைமெஷின் முக்கால் கிலோ கூட்டிக் காட்டியது, அதற்கும் ஒரு முறை அழுதேன்.

அந்த ஒரு நாள் தவிர, எடை இறங்கிக்கொண்டேதான் வந்தது. மே மாதத்துக்குள் பதினோரு கிலோ. நம் வாழ்க்கையில் நடக்காத அதிசயம். ஆனால் ஒருவர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள், பிறகு மழை வருமா என்று பேசுவார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உன் ஞாபகம் வந்தது.

அம்மா காலத்தில் 'இளைச்சுட்டியேடி' என்றால், புகுந்த வீட்டில் உனக்கு ஒழுங்காகச் சோறு போடுகிறார்களா என்று அர்த்தம். அதைச் சொல்லும்போதே அவள் கண் கலங்கும். நம் காலத்தில் அதே வார்த்தை பட்டம் ஆகிவிட்டது. அந்த வருடம் ஈஸ்டர் முடிந்து நீ இளைக்கத் தொடங்கியபோது கோயில் வாசலில் உன்னைச் சுற்றிக் கூட்டம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? "இளைச்சுட்டீங்களே ரோஸி டீச்சர், அந்த ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்க." நீ வெட்கப்பட்டுக்கொண்டு, "காலையில நடக்கிறேன், அவ்ளோதான்" என்பாய். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டினேன்.

பசியே இல்லைடி என்றாய். கொடுத்துவைத்தவள் என்றேன். முதுகு வலிக்கிறது என்றாய். நடையைக் குறை என்றேன். ஆறு பிளவுஸைக் கொண்டுவந்து என் தையல் மெஷின்மேல் போட்டு, "ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுடி" என்றாய். பிடித்துக் கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் அதே ஆறும் திரும்பி வந்தன. மறுபடி பிடித்தேன். மூன்றாம் தடவை வந்தபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். இருபது வருடம் சேர்ந்து தோற்றோம், நீ மட்டும் எப்படி ஜெயிக்கலாம் என்று பொறாமை. நேரமே இல்லை என்று பொய் சொல்லி அந்தப் பிளவுஸ்களை இரண்டு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அது கல்லீரலுக்கும் போயிருந்தது. அதன்பிறகு நீ இருந்தது பதினோரு வாரம். பெட்டியில் உனக்குப் போட்டுவிட்ட பிளவுஸ் நான் மூன்றாம் தடவை பிடித்தது, அதுவும் உனக்குத் தொளதொளவென்று இருந்தது. நான்தான் கொக்கி மாட்டிவிட்டேன்.

உன் மகள் ஜெனி இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாள். அவளுக்குச் சோறும் கறிக்குழம்பும், எனக்கு முட்டைக்கோஸ் பொரியலும் வறுத்த மீனும். அந்த மே மாத ஞாயிறு ஒன்றில் நானே வாயை விட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

"ஜெனி, பதினோரு கிலோ குறைஞ்சிருக்கேன்டி."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் தட்டைக் கழுவிவைத்தாள். திரும்பி வந்து, "ஸ்கேன் எடுங்க சித்தி" என்றாள்.

"எதுக்குடி? டயட்ல இருக்கேன். டாக்டர் சொல்லித்தானே இருக்கேன்?"

"அம்மாவும் நடந்துட்டுத்தான் இருந்தாங்க. நடக்கிறதாலதான் இளைக்கிறாங்கன்னு எல்லாரும் சொன்னீங்க. நீங்களும்தான் சொன்னீங்க."

உண்மைதான், நானும்தான் சொன்னேன்.

டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். காரணம் தெரிந்துதான் குறைகிறது, தேவையில்லை என்றார். ஆனால் எழுதிக்கொடுத்தார். "பொண்ணு மனசுக்காக ஒரு தடவை எடுத்துடலாம்" என்றார். ஸ்கேன் அறைக்கு வெளியே ஜெனி என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. கல்லீரல் கொழுப்புகூடக் குறைந்திருக்கிறதாம்.

வெளியே வந்து இளநீர்க் கடையோரம் நின்றோம். இளநீரிலும் சர்க்கரை என்பதால் அவள் மட்டும் குடித்தாள். அங்கே வைத்துத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமையை, இரண்டு வாரம் தொடாமல் வைத்ததை, கைதட்டியதை. திட்டட்டும் என்று நினைத்தேன். அவள் இளநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு சித்தி. அம்மா ஸ்லிம்மாயிட்டாங்கன்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். நூறு பேரு ஹார்ட் போட்டாங்க. அதை இன்னும் டெலீட் பண்ண முடியல."

மூன்று வருடமாக இந்தப் பிள்ளை அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. நான் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்து நான் ஒருபக்கம் திரிந்திருக்கிறேன். ரோட்டில் நின்று இருவரும் அழுதோம். இளநீர்க்காரர் பார்க்காததுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நிறுத்திடவாடி?" என்று கேட்டேன். நிஜமாகவே நிறுத்தியிருப்பேன். அவளைப் பயமுறுத்தி எனக்கு எந்த உடம்பும் வேண்டாம்.

"வேணாம். சுகர் குறையுதுல்ல, நீங்க இருக்கணும்ல? ஆனா வெயிட் பாக்கிறப்ப நானும் இருப்பேன்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள் எதிரில்தான் எடை பார்க்கிறேன். வாரத்தில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு பசித்தது, எங்கே வலித்தது என்று உன் மகள் டீச்சர் தோரணையில் கேட்பாள். பதில் சொன்னபிறகுதான் இறங்க விடுவாள். அன்று உன்னிடம் நாங்கள் கேட்காமல் போன கேள்விகள். இன்சுலின் பேச்சு இப்போதைக்கு இல்லை, காலையில் மாத்திரை இரண்டுதான். டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றைத் திரும்பச் சேர்க்கலாம் என்கிறார், கிறிஸ்துமஸுக்கு ஒரு கரண்டி.

கோயில் இதழில் இதை ஏன் போடச் சொல்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அன்று வாசலில் உன்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் இதைப் படிப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களில் முதல் ஆள் நான். என்னைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்களே, அவர்களும் எனக்குத் தெரியாமல் இதையே தூக்கிக்கொண்டு திரிகிறார்களோ என்னவோ.

என்னை மன்னித்துவிடு, அக்கா. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் என் எதிரில் இளைத்து வந்து நின்றாலும், அழகாயிருக்கிறாய் என்று சொல்வதற்கு முன்னால், உனக்கு நன்றாகப் பசிக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்று சொன்னால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போவேன். அது உன் மகளாக இருந்தால், அவள் சொல்லும்வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.

இந்த வருடம் வயதில் உன்னைத் தாண்டிவிட்ட,
உன் தங்கச்சி
பிலோ